வடக்கு மூலையில் ஒரு மணி நேரம்

வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தாயிற்று, கொலுசை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று, கைப்பேசியை அணைத்தாயிற்று, தொண்டையில் இருந்த கரகரப்பையெல்லாம் இரண்டு முறை செருமி முன்கூட்டியே தீர்த்தாயிற்று. இனி மூன்று மணி ஆகிறவரை மங்கையர்க்கரசி வாய் திறக்கக் கூடாது. அவள் பார்க்கிற வேலை அப்படி. பத்தடி தள்ளி மூன்று கால் ஸ்டாண்டின் மேல், தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டையை மாட்டிக்கொண்டு நிற்கிற மீட்டர் சுற்றுவட்டாரத்துச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் டீக்கடையில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தச் சத்தம் எத்தனை மணிக்கு எங்கிருந்து வந்தது என்று தாளில் குறித்துக்கொண்டே இருப்பாள். அவள் தும்மினால் அதுவும் பதிவாகிவிடும். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அளந்துகொண்டிருந்தபோது விக்கல் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் ‘விக்கல், அளப்பவர்’ என்று உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டாள். அலுவலகத்தில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம் தருகிறார்களே என்று அவள் வீட்டுக்காரன் கஜபதிக்குப் பொறாமை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவன். “ஒரு மணி நேரம் பேசாம உக்காரணுமா? நீயா?” என்று இந்த வேலை கிடைத்த அன்றைக்குக் கேட்டான், ஏழு வருடமாகியும் அந்தக் கேள்வியை அவன் விடவில்லை. ஆனால் அவளுக்கு இந்த மௌனம் பிடித்திருந்தது. வீட்டில் அடுப்பு கூப்பிடும், மகள் கூப்பிடுவாள், மாமியார் போனில் கூப்பிடுவார். இங்கே யாரும் கூப்பிட முடியாது. இன்றைக்கு உட்கார்ந்திருப்பது அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில். வேலிகாத்தான் மண்டிக் கிடந்த பதினோரு ஏக்கரை வழித்துச் சமமாக்கியிருக்கிறார்கள். மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் வரப்போகின்றன. கூடவே இந்த வடக்கு மூலையில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், அதில் சுற்றுத் தெருப் பிள்ளைகளும் சேரலாம் என்று போர்டில் போட்டிருக்கிறது. விமான நிலையத்து மதில் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அனுமதி தருகிறவர்கள் சத்தத்தை அளந்து காட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரச் சராசரி அறுபது டெசிபலுக்குள் இருந்தால் பள்ளிக்கூடம் கட்டிக்கொள்ளலாம். தாண்டினால் அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. அவள் மகள் தன்ஷிகா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். இந்த மூலையில் பள்ளிக்கூடம் வந்தால் வீட்டு வாசலிலிருந்து இருநூறு அடி. நீ எங்கே குடியிருக்கிறாய் என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு மணி நான்கு நிமிடம், காகம். இரண்டு ஆறு, காகம், அதே காகம்தான், ஆனால் அதே காகம் என்று எழுதத் தாளில் இடமில்லை. இரண்டு ஒன்பது, தூரத்தில் லாரி ஹாரன். மீட்டரின் சின்னத் திரையில் நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது என்று எண்கள் சோம்பலாக ஏறி இறங்கின. கட்டுகிற கம்பெனியின் ஆள் அருள்தாஸ் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடக்கூடாது என்று அவள் சொன்னதால் காரைத் தெருமுனை வரைக்கும் தள்ளி நிறுத்தியிருந்தார், பாவம், நல்ல மனுஷன். ஒட்டன்சத்திரத்துக்காரர், சென்னைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. மீட்டரை ஓடவிடுவதற்கு முன்னால் அவர் முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: “பாத்தீங்களாம்மா, ஏரோப்ளேன் சத்தம் ஏரோப்ளேன் சத்தம்னு ஆளாளுக்குப் பயமுறுத்துறாங்க. நானும் பத்து நாளா மத்தியானம் மத்தியானம் வந்து நிக்கிறேன், கொசு பறக்குறது கேக்குது இங்க.” அவள் சிரித்து வைத்தாள். அப்போது அவள் எதையும் யோசிக்கவில்லை, ஸ்டாண்டின் மூன்றாவது கால் மண்ணில் இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான், மீட்டர் ஓட ஆரம்பித்து, இனி எதுவும் பேச முடியாது என்று ஆன பிறகுதான், தலை நிமிர்ந்தபோது பாக்கியம் அக்கா வீட்டு மாடியில் காய்கிற சிவப்புப் புடவை கண்ணில் பட்டது. அது மேற்குப் பக்கமாகப் புடைத்து ஆடிக்கொண்டிருந்தது. கடல் காற்று. ஒரு மணிக்கே இறங்கிவிட்டது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். இந்த மாதங்களில் காலையிலெல்லாம் மேற்கேயிருந்து வீசுகிற மேல்காற்று, அதனால் விமானங்கள் மேற்கே பார்த்து எழும்பி இந்த மூலைக்கு மேலேதான் வயிற்றைக் காட்டிக்கொண்டு திரும்பும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, சில நாள் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. மத்தியானம் கடல் காற்று வந்துவிட்டால் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக் கிழக்கே எழும்பிப் போய்விடும். இறங்குகிறவை தெற்கே குவாரிக்கு அப்பால் தள்ளி இறங்குவதால் அது ஒரு சத்தமே இல்லை. இது எந்தத் தாளிலும் எழுதி வைத்த விஷயமில்லை, ஆனால் அவள் குடியிருக்கிற நாலாவது தெருவில் தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து, ஊரிலிருக்கிற அண்ணன் தம்பிக்குப் போன், எல்லாவற்றையும் இந்தத் தெருவில் ஒரு மணிக்குமேல்தான் வைத்துக்கொள்வார்கள். “காத்து திரும்பட்டும், பேசிக்கலாம்” என்பார்கள். இரண்டிலிருந்து மூன்று என்றால் அது போன் பேசுகிற நேரம். அந்த நேரத்தில்தான் அவள் மீட்டரை நட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேரத்தைக் குறித்தது அலுவலகம். பகலில் ஏதாவது ஒரு மணி நேரம் என்பதுதான் விதி. விதிப்படி எல்லாம் சரி, அதுதான் அவளுக்கு உறுத்தியது.

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு உடனே வந்தது, வந்த வேகத்தில் அதன்மேல் அவளுக்குக் கோபமும் வந்தது. கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, மீட்டர் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, காற்று தன் பாட்டுக்கு வீசுகிறது. இரண்டு பதினாறு, நாய். இது அவள் ஊர். முப்பத்தெட்டு வருடமாக இந்தச் சத்தத்துக்கு அடியில் தூங்கி எழுந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, ஒரு குறையும் இல்லாமல்தானே இருக்கிறாள்? சத்தம் என்று இவர்கள் சொல்வதை அவள் சின்ன வயதில் சத்தம் என்றே நினைத்ததில்லை. அது வரும், பேச்சு நிற்கும், அது போகும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். அந்த அரை நிமிடத்தில் வாயிலிருக்கிற வார்த்தையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ள இந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். கஜபதிக்குத்தான் தெரியாது. அவன் அரக்கோணத்துப் பக்கம், கோழி கொக்கரித்தால் எந்த வீட்டுக் கோழி என்று சொல்லிவிடக்கூடிய அமைதி. நிச்சயம் ஆன புதிதில் காலையில் வேலைக்குப் போகிற வழியில் போன் செய்வான். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், மேலே விமானம் வரும், வழக்கம்போல நிறுத்திவிடுவாள். மறுமுனையில் அவனுக்கு விமானம் தெரியாது, இரைச்சல் மட்டும் தெரியும், பிறகு அவள் மௌனம். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துவிடுவான். “தப்பா எதுவும் சொல்லிட்டனா? நேத்து போன் பண்ணாததுக்கா? சாரிங்க.” அவளுக்கும் அது பிடித்துப்போய், என்ன ஏது என்று சொல்லாமலே விட்டுவிட்டாள். கல்யாணத்துக்குள் அவன் செய்யாத பதினைந்து இருபது குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தான். முதல் தடவையாகக் காலை வேளையில் இந்த வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரோடு உட்கார்ந்து, அவள் பாதிப் பேச்சில் கையைத் தூக்கி நிறுத்த, ஓட்டுக்கு மேலே விமானம் உறுமிக்கொண்டு போக, அவன் முகத்தில் ஒவ்வொரு மன்னிப்பாகத் திரும்பி வந்ததைப் பார்த்தாளே, அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது அவனும் பழகிவிட்டான். அரக்கோணத்துக்குப் போனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, என்னமோ காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று புரள்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறோம், அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், இதைவிடச் சந்தோஷமாக எவரும் இருந்து அவள் பார்த்ததில்லை. அப்படியிருக்க அறுபது என்றும் எழுபது என்றும் ஒரு பெட்டி வந்து சொன்னால் ஆயிற்றா? இரண்டு இருபத்திரண்டு, குழந்தை அழுகை, மூன்றாவது தெரு.

அவளும் இந்தச் சத்தத்துக்கு அடியில்தானே படித்தாள். மதிலோரம் இருந்த பழைய நடுநிலைப் பள்ளி, ஓட்டுக் கட்டடம், இப்போது அது இல்லை, ஓடுபாதையை நீட்டியபோது போய்விட்டது. அன்றிலிருந்துதான் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தாண்ட ஆரம்பித்தார்கள். அங்கே எல்லா டீச்சர்களும் தெருக்காரர்களைப் போலவே கையைத் தூக்கி நிறுத்துவார்கள், பிள்ளைகள் புத்தகத்தில் விட்ட வரியில் விரலை வைத்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பில் லூர்து மேரி டீச்சர் வந்தார், புதிது, தூத்துக்குடிக்காரர். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. விமானம் வரும், அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார், வாய் மட்டும் அசையும். சரித்திர நோட்ஸ் சொல்லும்போது ஏதோ ஒரு பேரரசு சரிந்ததற்கு ஐந்து காரணம் சொன்னார். ஒன்று, இரண்டு சொன்னார், மூன்றில் விமானம் வந்தது, நான்கு, ஐந்து சொன்னார். அரையாண்டுப் பரீட்சையில் அதே கேள்வி. விடைத்தாள்களை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித் திருத்துவது வழக்கம். அங்கே திருத்தியவர் பார்த்தால், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட மூன்று எழுதவில்லை, ஒருவர்கூட நான்கை மூன்றாக்கவும் இல்லை. மொத்த வகுப்பும் ஒரே தாளைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறது என்று அவர் எழுதி அனுப்பிவிட்டார். விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். கதர் சட்டை, கையில் பை, கடைசி பெஞ்சில் மங்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். டீச்சர் பயத்தில் அதே பாடத்தை மறுபடி சொல்ல, சொல்லி வைத்தாற்போல மூன்றில் விமானம் வர, மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, போன பிறகு “என்னம்மா சொன்னீங்க?” என்று கேட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், பெஞ்சு ஆடியது. எல்லோருக்கும் மதிப்பெண் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தக் கதையைச் சொல்லி அவள் சிரிக்க வைக்காத ஆளில்லை. கஜபதிக்கு இது உயிர், விருந்தாளி யார் வந்தாலும் “மூணாவது காரணம் சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவான். எந்தப் பேரரசு என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது, மூன்றாவது காரணம் என்னவென்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இன்றைக்கு, பேசக் கூடாமல் உட்கார்ந்து இதை நினைத்தபோது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவர் ஒரே ஒரு தடவை கேட்டார், என்னம்மா சொன்னீங்க என்று. அவர் அன்றைக்குத்தான் அங்கே வந்தவர். நாற்பத்திரண்டு பேர், வருடம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தவர்கள், ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? நோட்டில் ஒன்று, இரண்டு, நான்கு என்று எழுதிவிட்டு, அது அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று ஏன் குனிந்துகொண்டோம்? அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அவளும் கேட்கவில்லை. விமானம் விழுங்கியது போனதுதான், அதைத் திரும்பக் கேட்க முடியும் என்றே தோன்றவில்லை. சரித்திர வகுப்பில் மட்டும்தான் அப்படியா? கணக்கு டீச்சர்? அறிவியல்? அவர்கள் நிறுத்தினார்கள், சரி, நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினார்களா, அல்லது கொஞ்சம் தள்ளி வந்து தொடங்கினார்களா, அதை யார் பார்த்தார்கள்? இரண்டு முப்பத்தொன்று, என்னமோ ஒரு சத்தம் வந்தது, அவள் கவனிக்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ‘தெரியவில்லை’ என்று எழுதினாள்.

ஆனால் நெடுஞ்சாலை இருக்கிறதே.  போன வைகாசியில், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், கஜபதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாதி ரோட்டைத் தாண்டி நடுத்திட்டில் ஏறுகிறான், தன்ஷிகாவின் தண்ணீர் பாட்டில் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருள்கிறது, அவள் அதை எடுக்கக் குனிகிறாள். குனிந்தவளை அவன் பிடித்திருந்த விரலோடு சேர்த்து இழுத்துவிட்டான். பாட்டில்மேல் லாரி ஏறியது. அப்பளமாக நசுங்கிய அந்த ரோஸ் பாட்டிலை அவன் எதற்காக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தான் என்று இன்றைக்கும் அவளுக்குப் புரியவில்லை. அவன் கையிலிருந்து வாங்கி, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து, இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே விமானம் எதுவும் வராதபோதே அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். அந்த ரோட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாண்ட வேண்டும். இந்தத் தாளில் இருக்கிறபடியே கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த வருடம் இல்லாவிட்டாலும் அதற்கடுத்த வருடம் தாண்ட வேண்டாம். தெருவில் இன்னும் முப்பது, நாற்பது பிள்ளைகள் தாண்ட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு விமானச் சத்தம் பெரிதா? ஒரு பாடம் நாற்பது நிமிடம், அதில் எட்டு விமானம், ஒன்றுக்கு அரை நிமிடம், ஆக நான்கு நிமிடம். நாற்பதில் நான்கு போனால் போகட்டுமே. போகட்டுமே என்று சொன்ன உடனே நான்கு நிமிடம் நான்கு நிமிடமாக நிற்காமல் வீங்க ஆரம்பித்தது: டீச்சர் நிறுத்துகிற நேரம், பின் பெஞ்சு சலசலக்கிற நேரம், எங்கே விட்டோம் என்று தேடுகிற நேரம், ஒரு நாளைக்கு எத்தனை பாடம், ஐந்து வருடத்துக்கு எத்தனை நாள். வேண்டாம். மறுபடி நெடுஞ்சாலை. மறுபடி பாட்டில். இரண்டுக்கும் நடுவில் மனசு போவதும் வருவதுமாக இருந்தது, அதற்குள் மூக்கில் ஒரு தும்மல் கிளம்பி வந்து கண்ணில் நீர் முட்ட, மூக்கைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, தும்மலை அடக்கி உட்கார்ந்தபோது, சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவளுக்கு. பிள்ளை உயிரா, பிள்ளை படிப்பா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த மூலையில் எவ்வளவு சத்தம்? அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். மீட்டருக்குத்தான் இன்றைக்குத் தெரியாது. இரண்டு நாற்பத்தெட்டு, காகம். ஏன் இந்த மூலை என்றும் அப்போதுதான் தோன்றியது. தெற்கு மூலையில் சித்தி வீடு இருந்தது, வேலிகாத்தானுக்கு அந்தப் பக்கம். சின்ன வயதில் அங்கே போனால் விமானம் பொம்மை மாதிரி தள்ளிப் போகும், சித்தி பேச்சை நிறுத்தவே மாட்டாள், அம்மாகூடத் திட்டுவாள், உனக்கென்னடி, ஓயாம பேசுற வீடு கிடைச்சிருக்கு என்று. போர்டில் இருக்கிற வரைபடத்தில் அந்த மூலையில் என்ன இருக்கிறது? நீல நிறத்தில் ஒன்று பார்த்தாளே. நீச்சல் குளம். ஏரி தெரிகிற பக்கம் என்பதால் குளம், உடற்பயிற்சிக் கூடம், விருந்து மண்டபம் எல்லாம் அங்கே. பள்ளிக்கூடத்தை மிச்சம் இருந்த மூலையில் தள்ளியிருக்கிறார்கள். அவளுக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. அது நடக்குமா, நடக்காதா தெரியாது, யார் கேட்கப் போகிறார்கள் இவள் பேச்சை, ஆனால் சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. மீதி பத்து நிமிடமும் புடவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு மீட்டரை நிறுத்தினாள். சராசரி ஐம்பத்து மூன்று. அருள்தாஸ் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி சிரித்தார். அவள் தாளின் அடியில், எப்போதும் ‘இல்லை’ என்று மட்டுமே எழுதுகிற ‘பிற குறிப்புகள்’ கட்டத்தில் எழுதினாள்: அளந்த நேரத்தில் கடல் காற்று. விமானங்கள் கிழக்கே எழும்பின. காலை வேளையில் இந்த இடத்துக்கு மேலே எழும்பும். பள்ளி நேரத்தில் பெரும்பகுதி காலை என்பதால் காலையில் மீண்டும் அளக்க வேண்டும். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“என்னம்மா இது? நல்லாத்தான வந்திருக்கு?”

“நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களும் வாங்க சார். நானும் வர்றேன். இதே எடத்துல நின்னு ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிப் பாப்போம்.”

“காலைல வந்தா என்ன ஆகும்?”

“எழுபதுக்கு மேல போகும். நான் இங்கயே பொறந்தவ சார். பின்னாடி நாலாவது தெரு.”

அவர் அண்ணாந்து காலியான வானத்தைப் பார்த்தார், பிறகு தெருப்பக்கம் பார்த்தார். “ஒங்க தெருப் புள்ளைங்களுக்கும் சேத்துத்தானம்மா பள்ளிக்கூடம்? நீங்களே இப்பிடி எழுதுனா, மேல இருக்கறவங்க பள்ளிக்கூடமே வேணாம், கடை கட்டிக்கலாம்னுருவாங்க.”

 இந்த ஒன்றைத்தான் அவள் பத்து நிமிடமாக நினைக்காமல் இருந்தாள். “என் பொண்ணும் அந்த ரோட்டத் தாண்டித்தான் சார் போறா,” என்றாள். “அதனால சொல்றேன். குளத்த இங்க வெட்டுங்க. பள்ளிக்கூடத்த அந்த மூலைக்குக் கொண்டு போங்க. அங்க பாதிச் சத்தம்கூட வராது. அளந்தே தர்றேன், நாளைக்கு ரெண்டு எடத்துலயும் அளக்கறேன். நீந்தறவங்க காதுக்குள்ள தண்ணிதான் சார் இருக்கும், விமானம் போனா அவங்களுக்கென்ன?”

அருள்தாஸ் சிரிக்கத்தான் செய்தார். “ஏரி தெரியற எடம்மா அது,” என்றார். “மாத்துவாங்கன்னு எனக்குத் தோணல.” திரும்பித் தெற்கு மூலையைப் பார்த்தார். “சொல்லிப் பாக்கறேன். பத்து மணின்னா பத்து மணிக்கு வந்துருவேன்.” தாளின் நகலில் அவரும் கையெழுத்துப் போட்டார். அவள் எழுதியதை அடிக்கச் சொல்லவில்லை, அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு நடந்துதான் சாயங்காலம் தன்ஷிகா வருவாள், இன்றைக்கு அம்மாவைப் பார்த்ததும் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். காலையில் கஜபதி வேறு விளையாட்டாக, உங்கம்மா இன்னைக்கு நம்ம தெருவுக்குப் பள்ளிக்கூடம் கொண்டு வரப் போறா என்று சொல்லித் தொலைத்திருந்தான். நெடுஞ்சாலையின் முதல் பாதியைத் தாண்டி நடுத்திட்டில் ஏறி நிற்கிறவரைக்கும் பிள்ளை எதுவும் கேட்கவில்லை, ரோட்டில் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இருபுறமும் வண்டிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. மங்கை பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அங்கே நாடி துடிப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. செய்தது சரி என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

“கொண்டாந்துட்டியாம்மா?”

“இன்னும் இல்லடி. நாளைக்கு மறுபடி அளக்கணும்.”

“அளந்தா வந்துருமா?”

“வராமப் போனாலும் போகும்.”

தன்ஷிகா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், இந்தப் பக்கத்தைப் பார்த்தாள். “வரலன்னா?”

“நாலாவது, அஞ்சாவது ரெண்டையும் நீ இங்கதான் வந்து படிக்கணும். தெனமும் இந்த ரோட்டத் தாண்டணும்.”

 இதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல, பிள்ளை அம்மாவின் பிடியிலிருந்து மணிக்கட்டை உருவி, தன் ஐந்து விரலையும் அம்மாவின் விரல்களுக்குள் கோத்துக்கொண்டாள்.

“இப்பிடிப் பிடி,” என்றாள். “கெட்டியா.”

ஒரு லாரி போனது, அதன் பின்னால் ஒரு பஸ் போனது, பிறகு சற்று இடைவெளி விழுந்தது. இருவரும் இறங்கி நடந்தார்கள்.